ஒத்தக் கட்டு

— கயிறு நின்னுபோச்சு வரதா! விடு, இன்னும் கொஞ்சம் விடு!

— நின்னுபோவல சார். நிறுத்திட்டோம்.

— இது என்ன விளையாட்டு? மலையேற்றத்தின் உயிர்நாடியே கட்டுப்பாடு. சங்கத் தலைவரைப் பாதிப் பாறையில் தொங்கவிடுவதுதான் கட்டுப்பாடா?

— தொங்கறதும் ஒரு பயிற்சின்னு நீங்கதானே சொன்னீங்க? ஃபேக்டரி கேண்டீன்ல, பஜ்ஜி துன்னுகினே.

— அது கொள்கை விளக்கம். இந்தப் பரசுராமன் இமயமலை அடிவாரம் வரைக்கும் போய் வந்தவன், தெரியுமில்லையா?

— அடிவாரம் தரையிலதானே சார் கீது?

— வரதா!

— கீழ பாக்காதீங்க, தல சுத்தும். கெழக்கால பாருங்க. எளாவூர் ரோட்டுல லாரிங்க போய்க்கினு கீதா? போன பொங்கல் லீவுல எங்கண்ணனும் இங்கேர்ந்து அதத்தான் கடைசியா பாத்திருப்பாரு.

— ஓ, சுப்பிரமணி விஷயமா? ஈடுசெய்ய முடியாத இழப்பு. இரங்கல் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் பேசினேனே, அழுதுகொண்டே.

— பேசினீங்க. குடிச்சிட்டு ஏறினாரு, சாராய வாட அடிச்சுது, முடிச்ச அவரே தப்பா போட்டுகினாருன்னு. டீக்கே சக்கர போட யோசிக்கிற மனுசன் சார் அவரு.

— இறந்தவர்களைப் பற்றி இப்போது எதற்கு...

— அன்னிக்கி கயிற மேல எதுல கட்டினீங்க?

— முறைப்படி, உறுதியான ஒரு...

— எதுல?

— ஆட்டாதே! மரத்துல. மரத்துலதான் கட்டினேன்.

— மரமா அது? பாறை இடுக்குல மொளச்ச ஆலங்கன்னு. ஈரப் பொடவ போட்டாலே சாயும். எங்கண்ணன் ஊட்டுல கொடிக்கயிறு கட்டினா கூட ரெண்டு எடத்துல கட்டுவாரு. ஒண்ணு பிச்சிகினா இன்னொண்ணு தாங்கும்னு. பாறையில ரெண்டாவது கட்டு போடலாம்னு சொன்னாரா இல்லியா?

— சொன்னான்.

— நீங்க இன்னா சொன்னீங்க?

— அதெல்லாம் நினைவில்லை.

— கயிறு வழுக்குது சார்.

— அய்யோ நைனா, உட்றாத! சொல்றேன்! ரெண்டு கட்டு கேக்கறவன் பயந்தாங்கொள்ளின்னேன். கீழ போட்டோகிராபர் நின்னுகினு இருந்தான். வெளிச்சம் போயிட்டா படம் நல்லா விழாதுன்னான். ஒத்தக் கட்டோட அவன எறக்கினேன். கன்னு வேரோட வந்துடுச்சி.

— சாராயம்?

— அவன் குடிக்கல. நாந்தான் கத கட்டினேன். சங்கத்துக்குக் கெட்ட பேரு வந்துடும்னு.

— சங்கத்துக்கா?

— எனக்கு! எனக்குக் கெட்ட பேரு வந்துடும்னு!

— இன்னும் சத்தமா சொல்லுங்க.

— சுப்பிரமணி குடிக்கல! போதுமா? கால் மரத்துப்போச்சுடா வரதா. இழுத்துடு, உனக்குப் புண்ணியமா போவும்.

— நான் எப்பிடி சார் இழுக்கறது? கயிறு என் கையில இல்லியே.

— இல்லியா? அப்போ எதுல கட்டி வெச்சிகினு கீற?

— எதுலயும் கட்டல. பாறை முனையில ரெண்டு சுத்து சுத்தி, மிச்சத்த இடுப்புல சுத்திகினு ஒரு பொம்பள உக்காந்துகினு கீறாங்க. நீங்க விளிம்பத் தாண்டினதும் பொதருக்குப் பின்னாலேர்ந்து வந்தாங்க, கை மாத்திகினோம். பழவேற்காட்டுல அப்பனோட சேந்து வல இழுத்த கை.

— யாரு?

— குடிகாரன் பொண்டாட்டின்னு ஊரே சொல்லுதே, எங்க அண்ணி முத்தம்மா. அண்ணி, கேட்டுகினீங்களா? இழுக்கலாமா, உட்டுடலாமா?

— நீயும் ஒரு கை புடி வரதா, இழுக்கலாம். பொணத்த வெச்சிகினு நான் இன்னா பண்ணப் போறேன்? எங்க தெருவுல ஊடு ஊடா வந்து இதையே சொல்றதுக்கு எனக்கு அந்த வாயி உசுரோட வேணும்.