கேபிளில் கேட்ட இரைச்சல்

இரவு ஒரு மணி. வேங்கிக்காலைத் தாண்டி கீழ்பென்னாத்தூர் போகும் சாலை. முன்னால் ஒரு வண்டி இல்லை, பின்னால் ஒரு வண்டி இல்லை... வல்லரசு பைக்கில் தனியாக வந்துகொண்டிருந்தான். என் சிநேகிதன் மணியின் மச்சான்தான்; மணி சொல்லித்தான் எனக்கு இது தெரியும். பேய்க் கதையா என்று சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள்.

அவனுக்குக் கப்பலில் வேலை. கடலின் அடித்தரைக்குக் கீழே எண்ணெய் தேடும் கப்பல். தண்ணீருக்குள் காற்றை வெடிக்க வைப்பார்கள். டம்... சத்தம் தரைக்குள் இறங்கி, பாறையில் பட்டுத் திரும்பும். கப்பலுக்குப் பின்னால் மைல் கணக்கில் இழுபடும் கேபிள் அதைக் கேட்கும். வேறு சத்தம் கலந்தால் இரைச்சல் என்று அழித்துவிட வேண்டும். அழிப்பதுதான் வல்லரசின் வேலை.

ஒரு ராத்திரி கேபிளின் கடைசியில் இரைச்சல். மூன்று தட்டு... சும்மா... மறுபடி மூன்று தட்டு. மீன் உரசுகிறது என்று அழித்தான். விடிந்த பிறகுதான் அறிவுச்செல்வனைக் காணோம் என்று தெரிந்தது. இவனோடு ஒரே அறையில் படுத்தவன். கேபிள் முனை மிதவையில் அவன் சட்டை மட்டும் சிக்கியிருந்தது.

எனக்கு வல்லரசு மேல் கோபம்தான். ஆனால் அந்த நாற்காலியில் நான் இருந்தாலும் அழித்திருப்பேன்.

வேலையை விட்டு ஊருக்கு வந்துவிட்டான். மனைவி நந்தினிக்கு எட்டு மாதம். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் போதும் என்றிருந்தான்.

அன்று ராத்திரி ஒரு மணிக்கு அந்தச் சாலையோரம் வறண்டுபோன கைப்பம்பு ஒன்று. அதற்குள்ளிருந்து சத்தம். டொக்... டொக்... டொக். பைக்கை நிறுத்தினான். சுற்றிலும் வேர்க்கடலைக் கொல்லை. அங்கே உப்பும் டீசலும் கலந்த வாடை.

ஸ்பேனரை எடுத்துப் பம்பின் மேல் மூன்று தட்டுத் தட்டினான். உள்ளே சத்தம் அடங்கியது.

மறுநாள் போகவில்லை. சத்தம் ஊர் முனைப் பம்புக்கு வந்தது. அதற்கும் போகவில்லை. வீட்டுக் குழாயிலேயே தட்டியது. அப்புறம் தினமும் ராத்திரி கொல்லைப்புறம் போய்ப் பதில் தட்டினான். மணியிடம் மட்டும் சொன்னான்: "தட்டிட்டா போயிடறான்டா. அவுனுக்கு வேற ஒண்ணும் வேணாம்."

ஒரு நாள் காய்ச்சல். மாத்திரை போட்டவன் அசந்து தூங்கிவிட்டான்.

காலையில் நந்தினி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ராத்திரி பூரா தூக்கமே இல்லீங்க. கொழந்த ஒதைச்சிக்கினே இருந்துச்சி. மூணு வாட்டி... அப்புறம் சும்மா... அப்புறம் மூணு வாட்டி. நானும் மேல தட்டிக் குடுத்தேன். அடங்கிடுச்சி."

வல்லரசை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆனா நிறுத்துனா உட மாட்டேங்குது."

அவள் கை வயிற்றைத் தட்டிக்கொண்டே இருந்தது.