லிட்டருக்கு இருபது

உங்க ஸ்டேஷன் ஃபேன் கடகடங்குது தம்பி, ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டா அடங்கிடும். என் பையன் இங்க இருந்தா கேக்காமலே ஸ்டூல் போட்டு ஏறியிருப்பான். அவனைத்தான் நீங்க பின்னாடி ரூம்ல உக்கார வச்சிருக்கீங்களே. அவனை அனுப்பிடுங்க. நான் சொல்றதை எழுதிக்குங்க, நிதானமாவே சொல்றேன்.

கார் கம்பெனியில வேலை போனதுலேர்ந்து ரெண்டு வருஷமா அவனுக்கு வீட்டு ஷெட்டுதான் கதி. தண்ணியிலேர்ந்து ஹைட்ரஜன் பிரிச்சு இன்ஜினுக்குள்ள விட்டா வண்டி பெட்ரோல் கம்மியாக் குடிக்கும்னு ஒரு கிட் செஞ்சான். பாக்க ஒண்ணுமே இருக்காது. ஒரு கண்ணாடி ஜாடி, உள்ள காஸ்டிக் சோடா கலந்த காரத்தண்ணி, ரெண்டு ஸ்டீல் தகடு, பேட்டரியிலேர்ந்து ஒயர். குமிழி குமிழியா வாயு வரும். ஜாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவுல, அடியில மறைவா ஒரு சின்ன பாட்டில், அதுல வெறும் தண்ணி. "இவன்தான் காவல்காரன்மா. இன்ஜின் இருமி தீ திரும்பி வந்தா இந்தத் தண்ணி அணைச்சிடும். இது காஞ்சா ஜாடி வெடிக்கும்"னு சொல்லிக் குடுத்தான். ஜாடி கழுவுறது நான்தான். காரம் பட்ட விரல் இது, பாருங்க, நகம் இன்னும் முளைக்கல.

கிட்டை மாட்டினது மாப்பிள்ளையோட டாக்ஸியில. என் பொண்ணு வீட்டுக்காரர், எங்களோடதான் இருக்கார். தங்கமான மனுஷன். எதையும் நோட்டுல எழுதாம விடமாட்டார். தினம் காலையில முதல் வேலையா பங்க்ல டேங்க் ரொப்பிட்டு, எத்தனை கிலோமீட்டர், எத்தனை லிட்டர்னு எழுதுவார். கிட் இல்லாம லிட்டருக்குப் பதினஞ்சு. கிட்டோட மூணு நாள் ஓட்டினார், அப்பவும் பதினஞ்சுதான். அடுத்த ஞாயித்துக்கிழமை, கிட்டை வாங்கி விக்கிறதுக்காக ஒரு டீலர் நோட்டைப் பாக்க வர்றதா இருந்துச்சு. என் பையன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வச்சிட்டு, "இதுவும் இல்லைன்னா நானும் இல்லைம்மா"ன்னான். கத்தல, அழல.

மறுநாள் விடியக்காலையில, மாப்பிள்ளை பங்க்குக்குப் போறதுக்கு முன்னாடி, அஞ்சு லிட்டர் கேன் பெட்ரோல்ல பாதியை டாக்ஸி டேங்க்ல ஊத்தினேன். காய் வாங்குற பையிலதான் கேன் போகும், வரும். அன்னைக்கு நோட்டுல இருபது. என் பையன் ரெண்டாந்தடவை சோறு கேட்டான். நீங்களா இருந்தா நிறுத்துவீங்களா தம்பி?

அஞ்சு நாள் இருபது. நடுவுல ஒரு நாள் முட்டிவலி, எந்திரிக்க முடியல. அன்னைக்குப் பதினஞ்சு.

சனிக்கிழமை சாயங்காலம் காய் நறுக்கிட்டு இருந்தேன். மாப்பிள்ளை வந்து நின்னார். "அத்தை, முட்டைக்கோஸ்ல ஏன் பெட்ரோல் வாசனை வருது?" சிரிச்சுக்கிட்டேதான் கேட்டார். "உங்க முட்டி வலிச்சா வண்டிக்கும் வலிக்குதே."

நான் அவர் காலைப் பிடிச்சேன். "டீலர் வந்துட்டுப் போகட்டும் மாப்பிள்ளை"ன்னேன்.

"ஐயோ, எந்திரிங்க அத்தை, என்ன இது. நாலு பேர் வாங்கி ஏமாந்தா மச்சானைத்தானே பிடிப்பாங்க? காலையில குமிழி பாத்துட்டு மச்சான்கிட்ட நானே பக்குவமா சொல்லிடறேன். மாத்திரை போட்டீங்களா?"

அவ்ளோ நல்ல மனுஷன்.

விடிஞ்சதும் எந்திரிச்சேன். கேனை எடுக்கல. பானட்டைத் தூக்கி, சின்ன பாட்டிலைக் கழட்டி, தண்ணியைச் செடிக்கு ஊத்தினேன். வீணாக்க மனசு வரல. திருப்பி மாட்டிட்டேன். பயமுறுத்தத்தான் தம்பி. ஒரு சத்தம் கேட்டா ரெண்டு நாள் பேசாம இருப்பார்னு.

ஜாடியில குமிழி சரியா வருதான்னு பாக்கணும்னா ஒருத்தர் உள்ள உக்காந்து ஆக்ஸிலேட்டர் மிதிக்கணும். எப்பவும் என் பையன் மிதிப்பான். அன்னைக்கு டீலர் வர்றார்னு ஷேவ் பண்ணிட்டு இருந்தான், விசிலடிச்சுக்கிட்டே. ரெண்டு வருஷத்துல முதல் விசில். "அத்தை, நீங்க கொஞ்சம் மிதிக்கிறீங்களா?"ன்னார் மாப்பிள்ளை. ஜாடிக்கு மேல முகத்தைக் கொண்டுபோய்ப் பாக்குறது அவர் பழக்கம். பழைய இன்ஜின், சூடாகுறதுக்கு முன்னாடி சட்டுனு அழுத்தி விட்டா இருமும். மெதுவாத்தான் அழுத்தணும்னு எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும்.

நான் சட்டுனு அழுத்தி விட்டேன்.

மாப்பிள்ளைக்கு ரெண்டு கண்ணும் இனி வராதுன்னு டாக்டர் சொல்லிட்டார். என் பொண்ணு அவர் கையைப் பிடிச்சு பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போறா. அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. நேத்து அவர் என்னைக் கேட்டார், "அத்தை, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

பாட்டில் காலியா இருந்தது என் பையன் தப்பில்ல. அவன் கிட்டுலயும் ஒரு குறையும் கிடையாது, அதையும் எழுதிக்குங்க. அந்த டீலரை ஒரு தடவை வந்து நோட்டைப் பாக்கச் சொல்லுங்க. அஞ்சு நாள், லிட்டருக்கு இருபது. மாப்பிள்ளை கையெழுத்துலயே இருக்கு. அவர் பொய் எழுதுற ஆள் இல்ல தம்பி.