தொண்டையின் வெள்ளை

உங்கள் அலுவலகக் காப்பி நன்றாகவே இருக்கிறது, ஷெரீஃப். ஊரில்தான் வேறு மாதிரிப் பேசிக்கொள்கிறார்கள்.

மான் தலையைப் பாடம் செய்து கொடுப்பது என் தொழில் என்று உங்களுக்கே தெரியும். நவம்பர் வந்துவிட்டால் இந்த வடக்கு விஸ்கான்சினில் பாதி வண்டிகள் என் கொட்டகை வாசலில்தான் நிற்கும். அதில் பாதிப் பேர் மானைப் பாழாக்கித்தான் கொண்டுவருவார்கள். சுட்டதும் ஓடிப்போய்த் தொண்டையை அறுத்துவிடுவது. ரத்தம் வடியவேண்டுமாம், அப்பா அப்படித்தான் செய்தாராம். குண்டு நெஞ்சைத் துளைத்த பிறகு வெளியே வடிய என்ன இருக்கிறது? முன்னங்காலுக்குப் பின்னால் சுற்றிவர வெட்டி, பிடரி வழியாகக் கொம்புவரை கீறி, சட்டையைக் கழற்றுவதுபோல் உரிக்கவேண்டும். தொண்டைப் பக்கம் கத்தியே போகக்கூடாது. சுவரில் மாட்டிய தலையில் எல்லோர் கண்ணும் முதலில் விழுவது தொண்டையிலுள்ள வெள்ளைத் திட்டில்தான்.

இதை என் தங்கை புருஷன் டெல்மரிடம் பதினெட்டு வருஷமாகச் சொல்லி எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போயிற்று. "போடா மச்சான், நீ தையல்காரன்தானே, தெச்சுக்கோ" என்பான். நல்லவன்தான். வாய் கொஞ்சம் நீளம்.

சனிக்கிழமை காலையில் நான் சுட்டது பன்னிரண்டு கிளைக் கொம்பன். மூன்று வருஷமாகக் கண்ணில் பட்டுப் பட்டு நழுவிய மான். பாடம் செய்பவர்களுக்கான மாநிலப் போட்டியில் இரண்டு தடவை இரண்டாம் இடம் வாங்கியவன் நான். நடுவர்கள் கைவிளக்கை அடித்துத் தையலைத் தேடுவார்கள். இந்தத் தடவை தேடிக்கொண்டே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

நான் மரத்துப் பரணிலிருந்து இறங்கிப் போவதற்குள் டெல்மர் முந்திக்கொண்டான். கொம்பைப் பிடித்துத் தலையைத் தூக்கி, தொண்டையில் கத்தியை வைத்தேவிட்டான். மானுக்கு இன்னும் கொஞ்சம் உயிர் மிச்சமிருந்தது. ஒரே உதை. கத்தி அவன் தொடையில் இறங்கிவிட்டது. இதுவரை அன்றைக்கு நான் சொன்னதுதான். நான் போனபோது செத்துக் கிடந்தான் என்றேனே, அதை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள்.

உட்கார்ந்திருந்தான். இரண்டு கையாலும் தொடையை அமுக்கிக்கொண்டு சிரிக்கக்கூடச் செய்தான். "உன் மான் பழி வாங்கிடுச்சு மச்சான். அந்தக் கயித்த எடுத்து இறுக்கிக் கட்டு, சீக்கிரம்."

மானை இழுத்துவர ஆளுக்கொரு கயிறு வைத்திருப்போம். அவனுடைய கயிறும் போனும் வண்டியிலேயே கிடந்தன. என்னிடம் ஒன்றுதான். மானைப் பார்த்தேன். அறுப்பு நாலு விரல் நீளம், ஓரமாக. என் கைக்கு அது பெரிய வேலை இல்லை. ஆனால் ரத்தம் வெள்ளை மயிரில் ஊறிக்கொண்டிருந்தது. காய்ந்தால் கறை போகவே போகாது. நவம்பரில் இல்லாத வெயில் வேறு அன்றைக்கு. உடனே தலையைத் தூக்கிக் கட்டிக் கழுவியாகவேண்டும்.

"ஒரு நிமிஷம், டெல்மர்" என்றேன்.

கயிற்றைக் கொம்பில் மாட்டிக் கிளையில் கட்டினேன். இருந்த குடிதண்ணீர் முழுவதையும் ஊற்றினேன். என் சட்டையைக் கழற்றி, மயிர் போகும் பக்கமாகவே ஒற்றி ஒற்றி எடுத்தேன். நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: போன் என் பையில் இருந்தது, சிக்னலும் இருந்தது. கை ஈரமாக இருந்தது.

"ஆர்வின், விளையாடாதடா. லோயிஸ நெனச்சுப் பாரு."

நினைத்தேன். எனக்கு இருக்கும் ஒரே தங்கை அவள். அவள் இப்போது அழுவதைப் பார்த்தால் எனக்குத் தாங்கவில்லை.

பிறகு தண்ணீர் கேட்டான், தீர்ந்துபோயிருந்தது. "குளிருதுடா" என்றான். அப்புறம் பேச்சே இல்லை. நுணுக்கமான வேலை செய்பவனைத் தொந்தரவு செய்யக்கூடாதென்று ஒருவழியாகப் புரிந்துகொண்டான் என்று நினைத்தேன். தலைதான் தூக்கிக் கட்டியிருக்கிறதே என்று தோலையும் அப்படியே உரித்துவிட்டேன். வெயிலில் விட்டால் மயிர் கொட்டும். எல்லாம் சேர்த்து நாற்பது நிமிஷம் ஆகியிருக்கும்.

அவன் சாவுக்கு நான்தான் காரணம் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் டெல்மரைக் கைவிட்டுவிட்டேன் என்று மட்டும் லோயிஸிடம் சொல்லவேண்டாம். தோலை மடித்து வைத்ததும், கத்தியைக்கூடத் துடைக்காமல், கயிற்றை அவிழ்த்துக்கொண்டு நேரே அவனிடம்தான் ஓடினேன்.