தாளிக்காத வீடு

– வேலுத்தாயி, கதவத் தொறக்கப் போறியா இல்லையா? கூடப் பொறந்த அண்ணன் பொண்டாட்டி புள்ளைகளோட வாசல்ல நிக்கேன். நீ என்னமோ பிச்சைக்கு வந்தவனப் பாக்குற மாதிரி சன்னல் வழியாப் பாக்குற!

– அங்கனயே நில்லுங்கண்ணே. படியேறாதீங்க.

– படியேறக் கூடாதா? சிவபாக்கியம், கேட்டியா ஒன் நாத்தனா பேச்ச! பழனியிலருந்து மூணு பஸ் மாறி, மலையேறுறப்ப வளைவுக்கு வளைவு புள்ளைக வாந்தியெடுத்து, பஸ் ஸ்டாண்டுலருந்து அட்டுவம்பட்டி வரைக்கும் சாரல்ல நடந்து வந்திருக்கோம். படியேறக் கூடாதாம்!

– கேட்டுக்கிட்டுத்தாங்க இருக்கேன். சத்தத்தக் கொறைங்க, இடுப்புல பொன்னுவேலு இப்பத்தான் கண்ணசந்திருக்கான்.

– அப்பா, குளுருதுப்பா. அத்தை, குழந்தைவேலு எங்க? அவனுக்குப் பம்பரம் வாங்கியாந்திருக்கேன்.

– தூங்குறான் கண்மணி. அப்பாகிட்டயே நில்லு சாமி. இந்தப் பக்கம் வராத.

– பாத்தியா சிவபாக்கியம்? கோடை லீவு விட்டதுலருந்து 'அத்தை வீடு, அத்தை வீடு'ன்னு நச்சரிச்ச புள்ளைக்குக் கெடச்ச மரியாதையப் பாத்தியா? மூணு வருசமாப் பேச்சுவார்த்தை இல்ல, சரி, நாமளே எறங்கிப் போவோம்னு அடிவாரத்துக் கடைய அடைச்சுப்புட்டு வந்தேன். மாம்பழக் கூடைய என் தலையில தூக்கிட்டு வந்தேன். எனக்குத் தேவைதான்! மாப்ள எங்க? தங்கமுத்துவக் கூப்புடு, அவருட்டயே கேக்குறேன்.

– அவுரு வத்தலக்குண்டுக்கு எறங்கியிருக்காரு.

– எதுக்கு?

– ஒரு சோலியா. மதினி, நீங்களாச்சும் அண்ணனுக்குச் சொல்லுங்க. பஜார்ல அப்துல் சலாம் பாய் லாட்ஜு இருக்கு. எங்க வீட்டுக்காரரு பேரச் சொன்னா சீசன்லயும் ரூம் குடுப்பாரு.

– லாட்ஜா! தங்கச்சி வீடு இருக்க லாட்ஜுல போயி மொடங்கணுமா நான்? 'வாங்க'ன்னு ஒரு சொல்லு வரல பாரு ஒன் வாயில!

– என்னால அதச் சொல்ல முடியாதுண்ணே.

– அப்பப் 'போங்க'ன்னு சொல்லு. போயிடறேன்.

– அதையும் சொல்லக் கூடாது.

– வான்னும் சொல்ல மாட்டா, போன்னும் சொல்ல மாட்டா! புருசன் வெள்ளக்காரம்மா வீட்டுல பட்லரு, இவளுக்கு நாம கண்ணுக்குத் தெரியல. ஏலே சேனாதிபதி, ஒனக்கு நல்லா வேணும்லே! இந்தா பாரு வேலுத்தாயி, இப்பத் திரும்புனா திரும்புனதுதான். நாளைக்கு நான் செத்தேன்னு கேட்டாலும் நீ பழனிப் பக்கம் வரப்புடாது. ஆமா, சொல்லிட்டேன்.

– அண்ணே, உங்களக் கையெடுத்துக் கும்புடுறேன், மெல்லப் பேசுங்க. அக்கம்பக்கத்துல காதுல விழுந்தா எங் குடியே கெட்டுரும்.

– விழட்டும்! ஊரே கேக்கட்டும்!

– செத்த சும்மா இருங்கங்குறேன்! வேலுத்தாயி, இங்க என்னையப் பாரு. உச்சிப்பொழுது ஆயிருச்சு, ஒன் அடுப்புலருந்து தாளிச்ச வாசன வரல. தலை எண்ணெயக் காணாமப் பரட்டையாக் கெடக்கு. சீலைய மஞ்சத் தண்ணியில அலசிக் கட்டியிருக்க. வந்தவுகள வான்னும் சொல்லல, போன்னும் சொல்லல. நீ வாயத் தொறக்க வேணாம், தலைய மட்டும் ஆட்டு. வீட்டுக்கு ஆத்தா வந்திருக்காளா?

– மதினி...

– ஆட்டிட்டா. ஏங்க, தலைய ஆட்டிட்டா! பின்னுக்கு வாங்க.

– என்னா ஒளறுற? ஆத்தா வந்த வீடுன்னா நெலையில வேப்பிலை சொருகியிருக்க மாட்டாளா? வாசல் மொட்டையாக் கெடக்கே!

– இந்த மலைக் குளுருல வேப்பமரம் எங்கண்ணே மொளைக்குது? ஏரியச் சுத்தித் தேடுனாலும் ஒரு கொத்துக் கெடைக்காது. அதுக்குத்தான் அவுரு வெள்ளனே எறங்கிப் போயிருக்காரு, கொழை ஒடிச்சுட்டு வர. சானிட்டரி இன்ஸ்பெக்டரு வீடு வீடா வந்து விசாரிக்காரு. தெரிஞ்சா புள்ளையத் தூக்கிட்டுப் போயி ஊருக்கு வெளிய தகரக் கொட்டாயில போட்டுருவாங்க. அதான் யாருட்டயும் மூச்சு விடல.

– புள்ளையவா? குழந்தைவேலுக்கா வந்திருக்கு?

– ஆமா மதினி. உள்ளங்கால் வரைக்கும் முத்துப் போட்டிருக்கு. நேத்துலருந்து கண்ணத் தொறக்கல. எனக்குப் பயமா இருக்கு மதினி, ஒத்தையில உக்காந்து அவன் மூச்சையே பாத்துக்கிட்டிருக்கேன்.

– முருகா! பச்ச மண்ணு அங்க அப்படிக் கெடக்கு, நான் என்னடான்னா வாசல்ல நின்னு மல்லுக்கட்டிக்கிட்டு... தாயி, நான் என்னா மனுசன்!

– விடுங்கண்ணே. ஒங்களுக்குத் தெரியாதுல்ல.

– ஏங்க, கண்மணி எங்க? ஒங்க பக்கத்துலதான நின்னா?

– இங்கனதான்... ஏ கண்மணி! கண்மணீ!

– அப்பா, நான் உள்ள இருக்கேன்! கொல்லைக் கதவு சும்மா சாத்தித்தான் இருந்துச்சு. குழந்தைவேலு தண்ணி தண்ணின்னான், நான் அவன் தலையத் தூக்கிக் குடுத்தேன்.

– அய்யய்யோ! தொடாதடி! வெளிய வாடி! வேலுத்தாயி, அவள வெளிய தள்ளு! பாவி மகளே, பின்கதவுக்கு ஒரு தாப்பாப் போடக் கூடாதா நீ?

– அண்ணே, பதறாதீங்க. கண்மணிக்கு ஒண்ணும் ஆகாது. மதினி, இடுப்புல இருக்குறவனச் சொல்லுங்க. பொன்னுவேலுக்கு அம்மை குத்தியிருக்கா?

– இல்ல வேலுத்தாயி. குத்துறவுக தெருவுக்குள்ள வந்தாலே ஒங்க அண்ணன் கதவ அடைச்சுருவாகளே.

– அப்ப இங்க ஒரு நிமிசம் நிக்காதீங்க. வெரசா அவனத் தூக்கிட்டு ரோட்டுக்கு ஏறுங்க. நேரா பெரியாஸ்பத்திரி, இன்னைக்கே குத்திரணும்.

– ஏய், நில்லு. அவனுக்கு மட்டும் இந்தப் பதறு பதறுற, கண்மணிக்கு ஒண்ணும் ஆகாதுங்குற. அதெப்படி?

– அவளுக்குத்தான் நான் குத்திவிட்டேனேண்ணே. மூணு வருசத்துக்கு முந்தி தைப்பூசத்துக்குப் பழனி வந்தப்ப, ஒங்களக் கேக்காமக் கூட்டிட்டுப் போயி குத்துனேன். அவளுக்குக் கையி வீங்கிக் காய்ச்சல் கண்டதும், சோத்துக்கு உக்காந்த என்னைய எழுப்பி வெளிய தள்ளுனீங்க. நடுத்தெருவுல மண்ண வாரித் தூத்துனீங்க.

– தூத்துனேன். 'ஆத்தாளுக்கு எதுத்து நின்னவள ஆத்தா சும்மா விட மாட்டா, ஒன் வயித்துல பொறந்ததக் கேப்பா'ன்னு சொன்னேன். கோவத்துல வந்த பேச்சு தாயி. அத நெனச்சு நான் தூங்காமக் கெடந்த நாளு ஒனக்குத் தெரியாது. ஆனா, அது கெடக்கட்டும். எம் புள்ளைக்கே குத்துனவ, ஒம் புள்ளைக்குக் குத்தாமயா இருந்திருப்ப? குத்துனவனுக்கே வந்திருச்சே! அப்பக் கண்மணிக்கும் வருமா? சொல்லுத்தா!

– வராதுண்ணே. பழனியிலருந்து இங்க திரும்புன மறுநாளு இவனையும் குத்திவிடத் தூக்கிட்டுத்தான் கெளம்புனேன். பாதி வழியில ஒங்க வாக்கு காதுல கேட்டுச்சு, எங்க பலிச்சிருமோன்னு பயந்து திரும்பிட்டேன். எம் மகனுக்கு நான் குத்தவே இல்லண்ணே.