மூன்றாவது படத்தில் தெரிந்த எலும்பு

பெயரும் வீட்டு முகவரியும் தனித்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது நாற்பத்து நான்கு. பத்தொன்பது ஆண்டுகளாக மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறேன். விசாரித்ததன் பேரில் சொல்வதாவது:

கடந்த திங்கட்கிழமை, தற்போது தங்கள் காவலில் இருக்கும் பட்டறைத் தொழிலாளி வலது கையைத் தாங்கிப் பிடித்தபடி வந்தார். சம்மட்டி அடிக்கையில் பிடி உள்ளங்கையில் இடித்துவிட்டதாகச் சொன்னார். டாக்டர் சீட்டில் எழுதியபடி மணிக்கட்டை நேராக ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாக இரண்டு படம் எடுத்தேன். சீட்டில் இல்லாததை எடுக்கக் கூடாது என்பது எங்கள் விதி. இரண்டிலும் முறிவு தெரியவில்லை. அதன் பிறகு அவர் நஷ்டஈடு பறிக்கக் காயத்தை நடிப்பதாக அந்தப் படங்களையே காட்டிப் பட்டறை மேலாளர் தங்களிடம் புகார் கொடுத்திருக்கிறார்.

இன்று காலை அவர் மறுபடி வந்து, "அக்கா, பொய் சொல்றவனத் தனியாக் காட்டுற மிஷின் இருந்தா அதுல என்னை வெச்சுப் பாருங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அதன் பிறகு உள்ளங்கையில் சுண்டுவிரல் பக்கம் அடிமேட்டில் அழுத்தினேன். ஆள் துள்ளிவிட்டார். அங்கே ஓர் எலும்பில் கொக்கி மாதிரி நீட்டம் உண்டு. நேராகவோ பக்கவாட்டிலோ எடுத்தால் அது மற்ற எலும்புகளுக்குள் ஒளிந்துகொள்ளும். டாக்டர் வார்டில் இருந்ததால் சீட்டுக்குக் காத்திராமல், இடது கையால் வலது கை விரல்களைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கச் சொல்லி, உள்ளங்கையை ஒட்டினாற்போல் கதிர் போகும்படி ஒரு படம் எடுத்தேன். விதியை மீறியது நான்தான். கொக்கி அடியோடு முறிந்து தனியே நின்றது. பாடப் புத்தகத்தில் மட்டுமே பார்த்தது அது. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

அதன் பிறகு வார்டுக்கு ஓடினேன். டாக்டர், "யாரக் கேட்டு எடுத்தீங்க?" என்று சீறியவர், படத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். "இத நான் இதுவரைக்கும் பார்த்ததே இல்லம்மா. உடனே கட்டுப் போடணும், கூட்டிட்டு வாங்க" என்றார். ஆறு வாரத்தில் சேராவிட்டால் அறுவை செய்து அந்தத் துண்டை எடுக்க வேண்டுமாம். திரும்பி வந்தால் அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சு காலி. போலீஸ் கூட்டிப்போனதாகக் காவலாளி சொன்னார். படத்தோடு ஆட்டோ பிடித்து இங்கே வந்தேன்.

முறிவில்லை என்று காட்டிய முதல் இரண்டு படங்களும் நான் எடுத்தவையே. அவற்றை நம்பித்தான் அவரைப் பிடித்திருக்கிறீர்கள். இங்கே வந்து பார்த்தால், விலங்கு அந்த வலது மணிக்கட்டில் மாட்டியிருந்தது. அதைக் கழற்றினால்தான் கையெழுத்து என்று சொன்னேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. விலங்கைக் கழற்றினார்கள். கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
எக்ஸ்ரே பிரிவு ஊழியர்