லைமனின் கடைசிப் பன்றி

முட்டைக்கோஸை ரொம்ப மெல்லிசாக நறுக்கக் கூடாது, ஷெரீஃப். வினிகர் பட்டதும் துவண்டு தண்ணீர் விட்டுவிடும். நாற்பது வருடத்துக்கும் மேலாக எங்கள் கடையில் அதை நறுக்கியவள் நான். வெள்ளிக்கிழமைதோறும் இரண்டாம் தடவை கேட்டு வாங்குவீர்களே, அது என் கைப்பக்குவம். ஆனால் எழுந்து போகும்போது நீங்கள் பாராட்டுவது பன்றிக் கறியை. அது என் தம்பி லைமனின் கை.

கடையின் கதை உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள். 1949இல் எங்கள் அப்பா ஏமஸ் விட்லி, புகையிலை ஏலத்துக்கு வரும் விவசாயிகளை நம்பி ஒரு தகரக் கொட்டகை போட்டார். பன்றியை இரண்டு பாதியாகப் பிளந்து, ஓக் மரக் கங்கின்மேல் கறிப்பக்கம் கீழே இருக்கும்படி போட்டு, நிதானமாக வேகவிடுவார். பிறகு திருப்பிப் போடுவார். எல்லாம் அந்தத் திருப்புதலில்தான் இருக்கிறது. முந்தினால் கறி வேகாது, பிந்தினால் கொழுப்பு சொட்டித் தீப்பிடிக்கும். சரியாகத் திருப்பினால் தோல் மொறுமொறுவென்று வரும். அந்தத் தோலுக்காகத்தான் மூன்று மாவட்டம் தாண்டி ஜனங்கள் வந்தார்கள்.

பதினாறு வயதில் ஒருநாள், நான் திருப்புகிறேன் என்று அப்பாவிடம் கேட்டேன்.

"பொம்பள கை பட்டா தோலு மொறுக்காதும்மா. நீ போயி கோஸ நறுக்கு."

சொல்லிவிட்டுக் கையுறைகளை லைமனிடம் கொடுத்தார். அவனுக்குப் பதின்மூன்று வயது. முதல் தடவையே பிசகில்லாமல் திருப்பினான். ஒருமுறையாவது கோட்டை விட்டிருந்தால் அவன்மேல் எனக்குப் பாசம் வந்திருக்கும்.

பொறாமையா என்று கேட்கத் தயங்குகிறீர்கள். ஆமாம், பொறாமைதான், அப்படியே எழுதுங்கள். அவன் நல்லவன். குளிர்காலம் வந்தால் தன் வீட்டுக்கு அடுக்கும் முன்பே என் வீட்டுக்கு விறகு அடுக்கிவிட்டுப் போவான். நல்லவன்மேல் பொறாமைப்படுவது பெரிய தொல்லை, சாக்குச் சொல்ல ஒன்றுமே கிடைக்காது. அப்பா போன பிறகு அவன் முகம் சாப்பாட்டுப் பட்டியலின் அட்டையில் வந்தது. கடையின் ஐம்பதாம் வருடத்தைப் பற்றி எழுத வந்த பத்திரிகைக்காரர் அவனோடு இரண்டு மணி நேரம் பேசினார். என்னிடம் கேட்டது ஒரே கேள்வி, கழிப்பறை எந்தப் பக்கம் என்று.

இனி அந்தக் கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடுப்புக் கொட்டகையின் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். மழை நாளில் மரம் ஊதி இறுகிவிட்டால் உள்ளிருந்து தள்ளினால் அசையாது, வெளியிலிருந்து கைப்பிடியைப் பிடித்து இழுக்க வேண்டும். கடை தொடங்கிய இரண்டாம் வருடம் ஒரு வேலையாள் உள்ளே புகையில் மயங்கி விழுந்தான். அன்றிலிருந்து, உள்ளே கங்கு இருக்கும்வரை கதவு சாத்திக்கொள்ளாதபடி வாசலில் ஒரு கட்டை கிடக்க வேண்டும், அதை யாரும் தொடக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. கதவையே மாற்றியிருக்கலாமே என்பீர்கள். அது அப்பா தன் கையால் செய்த கதவு. எங்கள் குடும்பத்தில் அப்பா செய்ததை யாரும் மாற்றுவதில்லை.

ஐம்பதாம் ஆண்டு விருந்து நவம்பரில், ஒரு சனிக்கிழமை மாலை. காலையிலிருந்தே மழை. லைமன் சாரலுக்குப் பயந்து கொட்டகை ஜன்னல்களை வெளியிலிருந்து தாழிட்டிருந்தான். மதியம் கங்குகளை வாரிப் பரப்பிவிட்டு, வழக்கம்போல் அரை மணி நேரம் கண்ணயர நாற்காலியில் சாய்ந்தான். நான் போய், இன்றைக்கு ஒரு பாதியை மட்டும் நான் திருப்பட்டுமா என்று கேட்டேன். எனக்கு ஐம்பத்தொன்பது வயது.

"அக்கா, இன்னைக்கு ஊரே வருதுக்கா. அடுத்த வாரம் பாத்துக்கலாம். நீ போயி கோஸப் பாரு."

கிண்டலாகச் சொல்லவில்லை, பிரியமாகத்தான் சொன்னான். அவன் கண் மூடும்வரை நின்றிருந்தேன். வெளியே வரும்போது வாசலில் கிடந்த கட்டையை எடுத்து விறகு அடுக்கில் வைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான். கதவைக்கூட நான் சாத்தவில்லை.

நான்காவது கோஸை நறுக்கும்போது தட்டுகிற சத்தம் கேட்டது.

"அக்கா, கதவு இறுகிருச்சு. கொஞ்சம் இழுத்து விடு."

கோபமே இல்லாத குரல். பிற்பாடு அவன் கூப்பிட்டானா என்று உங்கள் ஆள் கேட்டபோது, மழையில் ஒன்றும் காதில் விழவில்லை என்றேன். விழுந்தது. ஐந்தாவது கோஸ் முடிவதற்குள் சத்தம் நின்றுவிட்டது. மொத்தம் ஒன்பது கோஸ். ஒன்பதையும் நறுக்கி, வினிகர் ஊற்றி, மூடி வைத்துவிட்டுப் போனேன்.

கதவை இழுத்துத் திறந்து புகை அடங்கும்வரை வெளியில் காத்திருந்தேன். அவன் வாசலை ஒட்டிக் கிடந்தான், தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. கையுறைகள் அவன் கையில் இருந்தன. கழற்றி மாட்டிக்கொண்டேன். திருப்ப வேண்டிய நேரம் சரியாக வந்திருந்தது. இரண்டு பாதியையும் நான் ஒருத்தியே திருப்பினேன். பிறகு கட்டையைப் பழையபடி வாசலில் போட்டேன். அதன் பிறகுதான் போன் செய்தேன். டாக்டர் மாரடைப்பு என்றார், நான் மறுத்துப் பேசவில்லை.

விருந்து நின்றுபோனது. ஆனால் வெந்த கறியை என்ன செய்வது? வந்தவர்கள் நின்றபடியே சத்தமில்லாமல் சாப்பிட்டார்கள். நீங்கள் தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு தட்டு சாப்பிட்டீர்கள். லைமனின் மனைவி ஐடா ஒரு துண்டுத் தோலைக் கடித்துவிட்டு அழுதாள். "இத்தன வருசத்துல அவரு கை இப்பிடி வந்ததே இல்ல" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். எல்லோரும் ஆமோதித்தார்கள். நான் கோஸ் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

நேற்று கடைச் சுவரில் அவன் படத்தை மாட்டினார்கள். அடியில் ஒரு பித்தளைத் தகடு: 'லைமனின் கடைசிப் பன்றி. ஐம்பது ஆண்டுகளில் இதற்கு ஈடில்லை.' பக்கத்து மேசையைத் துடைக்கிற சாக்கில் மூன்று முறை படித்தேன்.

அதனால்தான் நானாகவே வந்தேன். மனசாட்சி உறுத்தியது என்றெல்லாம் எழுதிவிடாதீர்கள், நன்றாகத்தான் தூங்குகிறேன். என் தம்பியைக் கொன்றது நான். அதைத் தாளில் எங்கே வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் முதல் வரியில், அந்தப் பன்றியைத் திருப்பியது வெர்னீஸ் விட்லி என்று இருக்க வேண்டும். தோல் நன்றாக மொறுத்திருந்ததா இல்லையா? இரண்டு தட்டு சாப்பிட்டவர் நீங்கள், சொல்லுங்கள்.