வேலை இல்லாத வீடு

மல்லாவியிலிருந்து கிளிநொச்சி போகும் காலைத் தனியார் பஸ். எனக்கு முன் சீற்றில் ஒரு தாயும் மகளும். மகளின் சேர்ட்டில் ஒரு சுப்பர் மார்க்கெற்றின் பெயர்.

“நேற்றுப் புள்ளிவிபரக் கந்தோரில இருந்து கணக்கெடுக்க வந்த பெட்டையிட்ட, எங்கட வீட்டில ஒருத்தருக்கும் வேலை இல்லையெண்டு சொல்லிப்போட்டன்” என்றார் தாய்.

“அம்மா, நான் இப்ப எங்க போறன்?”

“கடைக்கு.”

“அங்க என்ன செய்யிறனான்?”

“பில் போடுறனி.”

“தங்கச்சி?”

“சலூனில நிக்கிறாள்.”

“அப்ப இதெல்லாம் வேலை இல்லையோ?”

“வேலையெண்டா கவுண்மேந்து வேலையைத்தானே பிள்ளை கேப்பினம்?”

“வயலை விட்டிட்டு எத்தினை பேர் கடையிலயும் ஹொட்டேலிலயும் நிக்கினம்! எல்லா அம்மாமாரும் உப்பிடிச் சொன்னா, வன்னிச் சனம் சும்மா இருக்குதெண்டுதான் கொழும்பில எழுதுவினம்.”

மகள் எழும்பிக் கொண்டக்டரைப் பார்த்தாள். “அண்ணை, கந்தோரடியில இறக்கம்.”

“எடியே, கடைக்குப் பிந்தப் போகுது!”

“பிந்தட்டும். அந்தப் பெட்டையைக் கண்டு கணக்கைத் திருத்திப்போட்டுத்தான் கடைக்குப் போவன்.”

மணியை அடித்த கொண்டக்டர் அவளுக்கு வழி விட்டார். கையில் டிக்கெற் புத்தகத்தோடு கொஞ்சம் யோசித்தார்.

“தங்கச்சி, நானும் வீட்ட போய்க் கேக்கவேணும். எங்கட அம்மா என்னையும் சும்மா இருக்கிறானெண்டுதான் சொல்லியிருப்பா.”